கோல்டன் சிரப் டின் தீர்ந்த பிறகு: வீட்டில் ஓட்ஸ் பிஸ்கட்

கும்பகோணத்தில் ஓட்ஸ் பாக்கெட் இல்லாத வீடு இப்போது குறைவு. ஓட்ஸை விரும்பிச் சாப்பிடுகிற வீடு அதைவிடக் குறைவு. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து டாக்டர் ஏதாவது சொல்வார். அன்று மாலையே ஒரு கிலோ பாக்கெட் வந்து இறங்கும். கொஞ்ச நாள் கஞ்சி, கொஞ்ச நாள் உப்புமா, பிறகு அது ரவை டப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். எங்கள் வீட்டில் ஒளிந்திருந்த பாக்கெட்டை வெளியே இழுத்தது, மெல்போர்னில் இருக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த ஒரு டின் கோல்டன் சிரப் என்ற பொன்னிறச் சர்க்கரைப் பாகு.

அவள் எங்கள் வீட்டு ஓடிஜியில், அதாவது கேக், பிஸ்கட் சுடும் சின்ன மின்சார அடுப்பில், அன்சாக் பிஸ்கட் சுட்டுக் காட்டினாள். ஓட்ஸ், மைதா, தேங்காய்த் துருவல், சர்க்கரை, வெண்ணெய், அந்தச் சிரப், சமையல் சோடா. முட்டை கிடையாது. ஓரம் மொறுமொறுவென்று உடையும். நடுப்பகுதி மெல்ல மெல்ல இழுத்துக்கொடுக்கும். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அவள் ஊருக்குத் திரும்பினாள், டின்னும் தீர்ந்தது, ருசி கண்ட வாய் மட்டும் மிச்சம். பெரிய கடைத்தெருவில் கோல்டன் சிரப் கேட்டால் ரோஸ் சிரப்பை எடுத்து நீட்டுகிறார்கள். இணையத்தில் வரவழைக்கலாம்தான், ஆனால் அந்த விலைக்கு மைசூர்பாகே வாங்கிவிடலாம் போலிருந்தது. ஆகவே கையில் கிடைப்பதை வைத்தே செய்து பார்த்தேன். அதில் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பிஸ்கட் வந்த வழியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், இதில் ஏன் முட்டை இல்லை, பாகுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பது புரியும். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களைச் சேர்த்து அமைத்த படைப்பிரிவின் பெயர்ச்சுருக்கம்தான் அன்சாக். அந்தப் படை 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்பொலியில் கரையிறங்கிப் பேரிழப்பைச் சந்தித்தது. ஆண்டுதோறும் அந்த நாளை இரண்டு நாடுகளும் அனுசரிக்கின்றன. அதையொட்டி வீடுகளில் இதைச் சுடுவது வழக்கம். போர்முனையில் இருந்த பிள்ளைகளுக்கு வீட்டுப் பெண்கள் கப்பலில் அனுப்பிவைத்த பிஸ்கட் என்பது பரவலான கதை. ஆராய்ந்தவர்களோ, இது பெரும்பாலும் உள்ளூரிலேயே விற்றுப் போர் நிதி திரட்டப் பயன்பட்ட பண்டம் என்கிறார்கள். களத்தில் வீரர்களுக்குக் கொடுத்தது வேறு ரகம்: மாவையும் தண்ணீரையும் பிசைந்து காய வைத்த, பல்லைப் பதம் பார்க்கும் கட்டி பிஸ்கட். அதை இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தவர்களும் உண்டு.

எப்படியானாலும், முட்டை இல்லாமல் பாகில் பிடித்த பிஸ்கட் நாள்படத் தாங்கும் என்பது உண்மை. ஓட்ஸ் அங்கே போனது ஸ்காட்லாந்துக்காரர்களோடு. நியூசிலாந்தின் டனீடின் நகரமே 1848இல் அவர்கள் குடியேறி அமைத்த ஊர்தான். தேங்காய் முதலில் கிடையாது. 1920களில்தான் செய்முறைக்குள் வந்து சேர்ந்தது. தேங்காய் நுழைந்த பிறகுதான் இது தஞ்சாவூர் ஜில்லா நாக்குக்கு ஏற்ற பண்டமாயிற்று என்பது என் கட்சி.

இன்னொரு ஒட்டும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் மேல் குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டனை எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே அதை அடித்து நொறுக்கியது ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். அன்சாக் வீரர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட முதல் கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த கப்பல்களில் அதுவும் ஒன்று. இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் என் அம்மா இந்தப் பிஸ்கட்டை ஒரு பொருட்டாக மதித்தாள். அதுவரை அவளுக்கு இது “ஆஸ்பத்திரிக் கஞ்சி மாவில் செய்த பண்டம்”.

அம்மாவின் மதிப்பு எனக்கு வேண்டியிருந்தது. இந்தக் காரியத்தில் கைத்திறமை முழுவதும் பாகில்தான் இருக்கிறது. பாகு அவள் துறை.

கோல்டன் சிரப் என்பது சர்க்கரை ஆலையின் உபபொருள். கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும்போது எஞ்சுகிற பாகை வீணாக்காமல், லண்டனில் ஏப்ரம் லைல் என்பவரின் ஆலை 1880களில் டின்னில் அடைத்து விற்கத் தொடங்கியது. அதில் சர்க்கரையின் கணிசமான பகுதி குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைந்திருக்கும். இந்த இரண்டும் கலந்திருந்தால் சர்க்கரை மறுபடி கூடிப் படிகமாக முடியாது. அதனால்தான் அந்தச் சிரப் ஆண்டுக்கணக்கில் பாகாகவே இருக்கிறது. அதனால்தான் பிஸ்கட்டின் நடுப்பகுதி ஆறிய பிறகும் இழுக்கிறது. பொன்னிறம் சீக்கிரம் ஏறுவதற்கும் இதே காரணம்.

இந்த வேதியியலைப் படிக்காமலே நம் பக்கத்துச் சமையல்காரர்கள் காலங்காலமாகச் செய்து வருகிறார்கள். கல்யாண வீட்டில் ஜாங்கிரிப் பாகு கொதிக்கும்போது அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிவார்கள். ஏன் என்று கேட்டால் “பாகு பூத்துப்போகாமல் இருக்க” என்பார்கள். சூடும் புளிப்பும் சேர்ந்தால் சர்க்கரை உடையும். உடைந்த சர்க்கரை பூக்காது. லண்டன் டின்னில் இருப்பதும் நம் ஜாங்கிரி அண்டாவில் இருப்பதும் ஒரே தத்துவம். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு டின்னைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

நான் செய்வது இப்படி. அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையும் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரும் விட்டு மிதமான தீயில் வைக்க வேண்டும். கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது. பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றினால் போதும். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பித்தளையில் காய்ச்சாதீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் எலுமிச்சை விழுந்தால் களிம்பு ஏறும். பூச்சு நன்றாக இருக்கிறது என்ற நிச்சயம் இருந்தால் தாராளமாகக் காய்ச்சலாம்.

முதலில் பெரிய பெரிய குமிழியாகக் கொதிக்கும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழிகள் சிறுத்து, நெருங்கி, மெதுவாக வெடிக்கும். அப்போது பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் வெளிர் மஞ்சள் தெரியும். சுழற்றிவிட்டால் அது முழுவதும் பரவும். மஞ்சள் தேன் நிறமாகும், தேன் நிறம் செம்பு நிறமாகும். இதற்குள் ஒரு நிமிடம்கூட ஆகாது. கண்ணை எடுக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான். செம்பு நிறம் வந்தவுடன் தீயை அணைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் தயாராகக் கொதித்துக்கொண்டிருக்கும் 300 மில்லி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சீறும், ஆவி எழும்பும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, நீளக் காம்புள்ள கரண்டியால் ஊற்றுவது நல்லது. பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இன்னும் மோசமாகத் தெறிக்கும், அடியில் கட்டியும் பிடிக்கும்.

சீற்றம் அடங்கியதும் 500 கிராம் சர்க்கரையைச் சேர்த்துக் கரைத்து, தடிமனான ஒரு வட்டம் எலுமிச்சம்பழத் துண்டைப் போட்டு, அடுப்பில் இருக்கும் சின்ன பர்னரில் சிம்மில் வைத்துவிடலாம். முக்கால் மணி நேரம் சோம்பலாகக் கொதிக்கட்டும். பாத்திரத்தின் உள்விளிம்பில் சர்க்கரைத் துகள் ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் வழித்துவிட வேண்டும்; அந்த ஒரு துகளே பாகு முழுவதையும் பூக்க வைக்கப் போதும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் அம்மாவுக்கும் அக்கா மகள் அனுப்பிய குறிப்புக்கும் சண்டை. குறிப்பு வெப்பமானி கேட்டது. அம்மா ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொட்டுப் பிரித்தாள். “கம்பி வரப் பார்க்கிறது, ஆனால் வரவில்லை. இப்போது இறக்கு” என்றாள். சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி தெரிந்த பாகு, மறுநாள் காலையில் பாட்டிலைச் சாய்த்தால் தேன் போலத் தடித்து நகர்ந்தது. ஒரு கம்பிப் பதம் வரை விட்டால் ஆறிய பிறகு கரண்டியே இறங்காது. அப்படி ஆகிவிட்டால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும். எலுமிச்சைத் துண்டை எடுத்துவிட்டு, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

இது சர்க்கரைப் பாகு. கோல்டன் சிரப்பின் வேலையை அப்படியே செய்கிறது; நிறத்திலும் இழுவையிலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா? வெல்லப் பாகில் செய்து பார்க்காவிட்டால் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து என்ன பிரயோசனம்?

பாபநாசம் பக்கம் கணபதி அக்ரகாரம், இலுப்பக்கோரை ஊர்களில் பொங்கலுக்கு முன் அச்சுவெல்லம் காய்ச்சுவார்கள். அந்தப் பக்கத்து வெல்லமாகப் பார்த்து, கருத்த நிறத்தில் வாங்கினேன். பளீரென்று மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் ரசாயனம் போட்டு வெளுத்தது. அதில் மணமும் இருக்காது. வெல்லத்தைத் தட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட வேண்டும். வடிகட்டியில் தங்குகிற மண்ணையும் தும்பையும் பார்த்தவர்கள் அந்த வேலையைத் தவிர்க்க மாட்டார்கள்.

வெல்லத்திலும் கொஞ்சம் உடைந்த சர்க்கரை உண்டு, ஆனால் போதாது. வெறும் வெல்லப் பாகில் பிடித்த பிஸ்கட் ஆறியதும் நடுவிலும் கெட்டியாகி, முறுக்கு உடைகிற மாதிரி ஓசையோடு உடைகிறது. மணம் பிரமாதம், இழுவை இல்லை. அதே வெல்லக் கரைசலில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் சிம்மில் வைத்தால் இழுவை பாதியாவது திரும்பி வருகிறது. வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பாகு பிஸ்கட். அம்மாவுக்கும் எனக்கும் வெல்லம், அதுவும் மொறுமொறுவென்று உடைகிற ரகம். “இது அதிரசத்துக்குத் தூரத்துச் சொந்தம்” என்று அம்மா சொன்ன தீர்ப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். பாகைக் காய்ச்சி மாவில் ஊற்றிப் பிசைவதும் அதேதான், பதம் தவறினால் அடிவாங்குவதும் அதேதான்.

ஆஸ்திரேலியாவில் அன்சாக் என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வழக்கமான செய்முறையை விட்டு ரொம்ப விலகினால் அந்தப் பெயரில் பிஸ்கட் விற்க முடியாது. நான் விற்கப் போவதில்லை. இருந்தாலும் அச்சுவெல்லத்தையும் கொப்பரையையும் போட்ட பிறகு, ஒரு மரியாதைக்காக வெறும் ஓட்ஸ் பிஸ்கட் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இனி மற்றப் பொருள்கள். ஓட்ஸில் மசாலா கலந்த பாக்கெட்டை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரியில் முன்வரிசையில் அதுதான் நிற்கிறது. முழுத் தானியத்தை ஆவியில் வேகவைத்து அப்படியே தட்டையாக உருட்டியது ரோல்டு ஓட்ஸ். நறுக்கி மெல்லிசாக உருட்டியது சீக்கிரம் வேகும் ரகம். நம் கடைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் கிடைக்கிறது. பரவாயில்லை, பிஸ்கட் கொஞ்சம் நெருக்கமாக வரும், அவ்வளவுதான். ரோல்டு கிடைத்தால் ஓட்ஸ் இதழ்கள் பல்லில் தனித்தனியாகத் தட்டுப்படும். வாங்கும்போது தேதியைப் பாருங்கள். மற்றத் தானியங்களைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கடை அலமாரியில் நாள்பட்டுக் கிடந்த பாக்கெட்டில் சிக்கு வாடை அடிக்கும். அந்த வாடையைச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது, நெய்யாலும் மறைக்க முடியாது.

தேங்காய் விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவர்களுடைய செய்முறையில் வருவது காயவைத்த துருவல். பச்சைத் தேங்காயில் கிட்டத்தட்டப் பாதி எடை தண்ணீர். அப்படியே போட்டால் பிஸ்கட் அடையாகிவிடும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்திலிருந்து வரும் கொப்பரைதான் இதற்குச் சரியான சரக்கு. முகர்ந்து பார்த்து வாங்கி, கேரட் துருவுகிற துருவியில் துருவிக்கொள்ளலாம். கொப்பரை இல்லாத நாளில் பச்சைத் துருவலை வெறும் வாணலியில் சிறு தீயில், கையில் ஒட்டாமல் உதிரும் வரை வறுத்துக்கொண்டால் போதும். வறுத்தது கொஞ்சம் சிவந்துவிட்டாலும் நட்டமில்லை.

வெண்ணெய் 125 கிராம் என்று அவர்கள் சொல்வது கடையில் கிடைக்கும் கட்டி வெண்ணெய். அதில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு, மற்றது பெரும்பாலும் தண்ணீர். நெய்யில் தண்ணீரே கிடையாது. நெய்யில் செய்வதானால் 100 கிராம் நெய் எடுத்துக்கொண்டு, கொதிநீரை ஒன்றரை மேசைக்கரண்டி கூட்ட வேண்டும். நெய்யில் பிஸ்கட் நொறுங்கிப் பொடியாகும் குணம் அதிகம். வெண்ணெயில் பிடிப்பு இருக்கும். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் மோர்ச் சத்து போகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு: ஓட்ஸ் 100 கிராம், மைதா 150, கொப்பரைத் துருவல் 75, நாட்டுச் சர்க்கரை 150, வெண்ணெய் 125, பாகு இரண்டு மேசைக்கரண்டி, கொதிநீர் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இந்த மேசைக்கரண்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு மேசைக்கரண்டி 20 மில்லி. நம் கடைகளில் விற்கும் அளவுக்கரண்டி 15 மில்லி. மேலே உள்ளது அவர்கள் கணக்கு. நம் கரண்டியில் பாகு இரண்டே முக்கால் கரண்டி வரும். மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றினால் நிறம் கூடும், கொஞ்சம் கூடுதல் ஈரம் கேட்கும். முழுவதும் கோதுமை மாவு என்றால் பிஸ்கட் தட்டை மாதிரி ஆகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. உருண்டைகள் 25க்குக் குறையாமல் வரும். சர்க்கரையும் வெண்ணெயும் இவ்வளவு இருக்க, இதைச் சாப்பிட்டுவிட்டு ஓட்ஸ் சாப்பிட்டதாக டாக்டரிடம் கணக்குக் காட்டக் கூடாது.

ஓட்ஸ், மைதா, துருவல், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்து வைத்துவிட்டு, வெண்ணெயையும் பாகையும் சேர்த்துச் சிறு தீயில் உருக்க வேண்டும். கொதிக்க வேண்டாம், இரண்டும் ஒன்றாகப் பளபளத்தால் போதும். இன்னொரு கிண்ணத்தில் சோடாவைக் கொதிநீரில் கரைத்து உருக்கியதில் ஊற்ற வேண்டும். இந்த இடத்தைப் பார்க்கவே பிள்ளைகள் அடுப்படிக்கு வந்து நிற்பார்கள். ஊற்றிய மாத்திரத்தில் அடியிலிருந்து ஒரு வெளிர் நுரை கிளம்பி, மஞ்சள் பாகை மேலே தூக்கிக்கொண்டு, பாத்திரத்தின் விளிம்பை நோக்கி ஏறும். பாகின் புளிப்பும் சூடும் சோடாவிலிருந்து வாயுவைக் கிளப்பிவிடுவதுதான் காரணம். பாத்திரம் சிறியதாக இருந்தால் அடுப்பைக் கழுவும் வேலையும் சேர்ந்துகொள்ளும். நுரை உச்சியில் இருக்கும்போதே மாவில் கொட்டிக் கலந்துவிட வேண்டும். அடங்கவிட்டால் பிஸ்கட்டும் அடங்கித்தான் வரும். சோடா கூடினால் நிறம் அழகாக வரும், ஆனால் நாக்கில் சவுக்காரம் தட்டும். அரைத் தேக்கரண்டியைத் தாண்டாதீர்கள்.

கலந்த மாவு உதிரியாகத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்தால் பிடிபட வேண்டும். பிடிபடவில்லை என்றால் ஒரு கரண்டி வெந்நீர். பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாகத் தட்டி, தட்டில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். இங்கே நம் ஊர் வெப்பம் குறுக்கிடுகிறது. மெல்போர்ன் குளிரில் உருட்டி வைத்த உருண்டையில் வெண்ணெய் உடனே இறுகும். கும்பகோணத்தில் மே மாதம் அது உருகியபடியே இருக்கும். அப்படியே அடுப்பில் வைத்தால் பரந்து, ஒன்றோடொன்று கைகோத்து, ஒரே தகடாகிவிடும். உருண்டைகளை இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குள் ஓட்ஸும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

தட்டில் பட்டர் பேப்பர் போடலாம். வாழையிலை போடலாமே என்று அம்மா கேட்டாள், போட்டும் பார்த்தோம். இலையின் ஈரம் ஆவியாகி அடிப்பக்கத்தை நமக்க வைத்துவிட்டது. வாசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ஓடிஜியின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை. சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும். ஒரு சிறு தட்டில் அரைக் கரண்டி சர்க்கரையை வைத்து, குமிழை 175இல் நிறுத்திக் கால் மணி நேரம் விடுங்கள், உருகக் கூடாது. 190க்கு ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள், உருக வேண்டும். 175லேயே உருகினால் உங்கள் அடுப்பு சொல்வதைவிடச் சூடானது. அதற்கேற்பக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு அடுப்பு அந்த வகை. இன்னொன்று, 1,500 வாட் ஓடிஜி ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சொருகாமல் மிக்சி, கிரைண்டருக்கு அப்பால் இருக்கும் பெரிய 16 ஆம்பியர் பிளக்கில் சொருகுவதுதான் சரி. சாயங்காலம் தெருவிளக்கு எரிகிற நேரத்தில் மின்னழுத்தம் இறங்கினால் சூடு ஏறவே நேரமாகிறது, அதனால் நான் மதியத்தில்தான் சுடுகிறேன்.

160 டிகிரியில், இரண்டு கம்பியும் எரிய, நடுத்தட்டில் 12 நிமிடம் வைத்தால் இழுவை ரகம். 16 நிமிடம் வைத்தால் மொறுமொறு ரகம். கூடவே வரும் தட்டு மெல்லிசு, அடி கருகும். இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கருகாது. வெளியே எடுக்கும்போது பிஸ்கட் அமுக்கினால் குழியும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளினால் ஆறிய பிறகு சுத்தியல் தேட வேண்டிவரும். ஓரம் பொன்னிறம் வந்துவிட்டதா என்பது ஒன்றே அடையாளம். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, இறுகிய பிறகு கம்பி வலைக்கு மாற்ற வேண்டும்.

ஓடிஜி இல்லாதவர்களுக்குப் பழைய குக்கர் இருக்கிறது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் மணலைப் பரப்பி அதன்மேல் தட்டை வைத்துக் கேக் சுட்டது ஒரு காலம். காவிரிக் கரையில் இருந்தாலும் ஆற்று மணல் இப்போது விற்கிற விலைக்கு அதைக் குக்கரில் கொட்ட மனம் வராது. வேதாரண்யம் கல் உப்பு போதும். இரண்டு விரற்கடை உயரம் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு சின்ன முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு, ஒரு தட்டு பிஸ்கட்டை இறக்கி, தீயைச் சிம்முக்குக் கொண்டுவர வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அடி நன்றாகச் சிவக்கும், மேல்பக்கம் வெளிறியே இருக்கும். மேலேயிருந்து சூடு அடிக்க அங்கே ஒன்றும் இல்லை. மொறுமொறு ரகம் விரும்புகிறவர்கள் இறுகிய பிறகு ஒருமுறை திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ருசியில் குறை இல்லை. அந்த உப்பைச் சமையலுக்குத் திருப்ப வேண்டாம். டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த தடவைக்கு உதவும்.

நெல் விளைகிற ஊரில் அவலை விட்டுவிட முடியவில்லை. அதையும் தட்டையாக்கித்தான் எடுக்கிறார்கள், ஓட்ஸின் இடத்தில் நிற்காதா என்று பார்த்தேன். முழுவதும் அவல் போட்டால் நிற்கவில்லை. ஓட்ஸ் ஈரத்தில் ஊறிப் பசைபோலப் பிடித்துக்கொள்கிறது; அவல் பாகைக் குடித்துவிட்டுத் தனித்தனியாக விறைத்துக்கொண்டு பல்லில் குத்துகிறது. ஓட்ஸில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய சிவப்பு அவலை வெறும் வாணலியில் பொரபொரவென்று வறுத்துக் கையால் நொறுக்கிச் சேர்த்தால் அருமையாக வருகிறது. வெல்லப் பாகுக்கும் இதற்கும் நல்ல பொருத்தம். ஏலக்காய் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அப்புறம் கொப்பரையின் வாசனை தெரியாது.

எடுத்து வைப்பதற்கு இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படம் வேண்டும். முழுவதும் ஆறிய பிறகே மூட வேண்டும். ஃபிரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. கோடையில் வாரக்கணக்கில் தாங்குகிற பிஸ்கட், ஐப்பசி மழையில் சம்படத்தை இரண்டு தடவை திறந்து மூடினாலே நமத்துவிடும். அந்த மாதங்களில் சர்க்கரைப் பாகு ரகத்தைவிட வெல்ல ரகம் நன்றாகத் தாங்குகிறது. நமத்துப்போனால் தூக்கிப் போட வேண்டாம்: 120 டிகிரியில் ஆறேழு நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழைய மொறுமொறுப்பு வந்துவிடும். பாட்டிலில் மிஞ்சியிருக்கும் பாகுக்குக் கவலையே வேண்டாம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதைக் கோதுமை தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் பழகிவிட்டதால், பிஸ்கட்டுக்கு என்று ஒரு பாட்டிலைப் பூஜை அலமாரிக்குப் பின்னால் தனியாக வைத்திருக்கிறேன்.